புதுக் கணினியில் லினக்ஸ்: தடைபடும் இடத்தைக் கண்டறியும் முறை

படிக்கும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் கணினி இன்று இன்றியமையாத பொருளாகிவிட்டது. இயங்குதளம் ஏதும் இல்லாமல் விற்கப்படும் புதிய மேசைக் கணினியை வாங்கி, அதில் லினக்ஸ் இயங்குதளத்தைத் தாமே நிறுவிக்கொள்வோர் உளர். லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. அதனால் மிச்சமாகும் வெள்ளியைக் கூடுதல் நினைவகத்திற்கோ, பிள்ளைகளின் நூல்களுக்கோ பயன்படுத்தலாம்.

ஆயினும், நிறுவும் வேளையில் திரை திடீரெனக் கருத்துப் போனாலோ, வட்டு தென்படவில்லை என்னும் செய்தி வந்தாலோ, பலர் மனம் தளர்ந்துவிடுகின்றனர். நல்ல கணினியைப் பழுதெனக் கருதிக் கடைக்குத் தூக்கிச் செல்வார் சிலர். உண்மையாகவே பழுதுற்ற கணினியை வைத்துக்கொண்டு, தம் அறியாமையே காரணம் என்றெண்ணி, கடை மாற்றித் தரும் நாள்களைக் கடத்திவிடுவார் வேறு சிலர். பதற்றத்தில் கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தி, சேமித்து வைத்த குடும்பப் படங்களையும் பள்ளிக் கோப்புகளையும் இழப்பாரும் உளர். இம்மூவகை இழப்பையும் தவிர்க்கும் முறையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இங்கே கட்டளைகளையும் பட்டிகளின் பெயர்களையும் ஒலிக்கேற்பத் தமிழில் எழுதியுள்ளோம். கணினியில் அவை ஆங்கில எழுத்துகளில் தோன்றும் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

லினக்ஸ் என்பது யாது?

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் ஓர் இயங்குதளத்தை எழுதிவருவதாக 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்ததே லினக்ஸ். உண்மையில் லினக்ஸ் என்னும் பெயர் 'கெர்னல்' எனப்படும் கருவகத்தையே குறிக்கும். கணினியின் உறுப்புகளான திரை, வட்டு, ஒலிபெருக்கி, வலையிணைப்புக் கருவி ஆகியவற்றோடு பேசுவது இக்கருவகமே. இதனோடு பிற மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டி வழங்குவதை 'வழங்கல்' என்கிறோம். 1993இல் தோன்றிய டெபியன், 2004இல் வெளிவந்த உபுண்டு, 2006இல் வெளிவந்த லினக்ஸ் மின்ட் ஆகியவை பலரும் அறிந்த வழங்கல்கள்.

புதுமையே தடையாவது எவ்வாறு?

பழைய கணினியில் எளிதாக அமரும் லினக்ஸ், விலை உயர்ந்த புதுக் கணினியில் தடுமாறுவதைக் கண்டு வியப்போர் உண்டு. இதன் காரணத்தை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்ததாகும்.

ஒவ்வோர் உறுப்பையும் இயக்குவதற்கு 'இயக்கி' எனப்படும் சிறு மென்பொருள் வேண்டும். லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் கருவகத்தின் உள்ளேயே அமைந்திருக்கின்றன. ஆதலால், கருவகம் வெளிவந்த பின்னர் சந்தைக்கு வந்த உறுப்பை அக்கருவகம் அறியாமலிருக்கக்கூடும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். டெபியன் 12 என்னும் வழங்கல் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. அதனுள் இருக்கும் 6.1 கருவகமோ 2022 டிசம்பரில் வெளியானது. ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் ஆர்எக்ஸ் 9070 என்னும் கிராஃபிக்ஸ் அட்டை 2025 மார்ச்சில்தான் விற்பனைக்கு வந்தது. அவ்வட்டை பொருத்திய கணினியில் டெபியன் 12ஐ நிறுவினால் திரை ஒழுங்காகத் தெரியாமற்போவது அட்டையின் பழுதன்று, கணினியின் பழுதுமன்று. கருவகத்திற்கும் அட்டைக்கும் இன்னும் அறிமுகம் ஏற்படவில்லை என்பதே பொருள்.

ஆகவே முதல் விதி இது: புதுக் கணினிக்குப் புது வழங்கலையே தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 6.12 கருவகத்தைக் கொண்டது. உபுண்டு 24.04 வழங்கல் 2024 ஏப்ரலில் 6.8 கருவகத்துடன் வெளிவந்தது. அதே வழங்கலின் திருத்தப் பதிப்பான 24.04.3, 2025 ஆகஸ்டில் 6.14 கருவகத்துடன் வந்தது. பெயர் ஒன்றாயினும் உள்ளிருக்கும் கருவகம் வேறு. நண்பர் ஒருவர் ஈராண்டுக்கு முன் தந்த பென் டிரைவைக் கொண்டு இன்றைய கணினியில் நிறுவ முயல்வது வீண் உழைப்பாக முடியலாம்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

நிறுவும் வேலையைத் தொடங்குமுன் மூன்று செயல்களைத் தவறாது செய்தல் வேண்டும்.

முதலாவது, வேண்டிய கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும். இணைப்பிலேயே இருக்கும் வட்டு, தவறான ஒரே அழுத்தத்தில் அழிந்துபோகலாம்.

இரண்டாவது, கணினியில் விண்டோஸ் ஏற்கெனவே இருந்து, அதனையும் வைத்துக்கொள்ள விரும்பினால், வட்டு 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பூட்டப்பட்டிருப்பின், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புக் குறியீட்டை ஏட்டில் எழுதி வைத்துக்கொள்வது இன்றியமையாதது. கணினியின் தொடக்க அமைப்புகளை மாற்றும்போது விண்டோஸ் அக்குறியீட்டைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையேல் கோப்புகளைத் திறக்க வழியில்லை. மேலும், விண்டோஸில் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்னும் வசதியை நிறுத்திவிட வேண்டும். அது விண்டோஸை முழுமையாக அணைக்காமல் பாதித் துயிலில் வைப்பதாகும். அந்நிலையில் உள்ள வட்டில் லினக்ஸ் எழுத முற்படுவது தீங்கு பயக்கும்.

மூன்றாவது, ஓர் ஏட்டையும் எழுதுகோலையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த அமைப்பை எதிலிருந்து எதற்கு மாற்றினோம் என்பதை உடனுக்குடன் எழுதிவந்தால், எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

கணினி நின்றுவிட்டால், 'என்ன பழுது?' என்று கேட்பதற்கு முன், 'எந்தப் படியில் நின்றது?' என்று கேட்க வேண்டும். படிகள் ஐந்து. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்படி: கணினி விழித்தெழுதல்

பொத்தானை அழுத்தியவுடன் விசிறி சுழல்கிறது; திரையில் ஒன்றும் இல்லை. இந்நிலையில் லினக்ஸ் இன்னும் களத்திற்கே வரவில்லை என்பதை உணர வேண்டும். டிடிஆர்5 வகை நினைவகம் கொண்ட புதுக் கணினிகள் சில, முதன்முறை இயக்கப்படும்போது நினைவகத்தை அளந்து பழகிக்கொள்வதற்குப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அவ்வேளையில் திரை கருமையாகவே இருக்கும். பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டித்தால் அவ்வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினியில், திரையின் கம்பியை அந்த அட்டையில் செருகியுள்ளோமா என்றும் பார்க்க வேண்டும். தாய்ப்பலகையில் செருகிவிட்டுத் திரை தெரியவில்லையே என்று வருந்துவது அடிக்கடி நிகழ்வதாகும்.

இனி, 'பயாஸ்' என்று வழக்கில் கூறப்படும் தொடக்க அமைப்புத் திரைக்குள் செல்ல வேண்டும். கணினியை இயக்கியவுடன் 'டெலீட்' அல்லது 'எஃப்2' விசையைத் தட்டினால் பெரும்பாலும் இத்திரை தோன்றும். அங்கே நினைவகத்தின் முழு அளவும், வட்டின் பெயரும் காணப்படுகின்றனவா என்று நோக்குக. 16 கிகாபைட் வாங்கிய இடத்தில் 8 மட்டும் காணப்பட்டாலோ, வட்டு அறவே காணப்படாவிட்டாலோ, அது லினக்ஸின் குறையன்று. உறுப்பு சரியாகச் செருகப்படவில்லை, அல்லது பழுதுற்றிருக்கிறது. உடனே கடைக்காரரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இரண்டாம் படி: பென் டிரைவிலிருந்து தொடங்குதல்

இணையத்திலிருந்து இறக்கிய லினக்ஸ் கோப்பைச் சாதாரணக் கோப்பைப் போலப் பென் டிரைவில் படியெடுத்தால் அது தொடங்காது. 'ரூஃபஸ்', 'பலேனா எட்சர்' போன்ற கருவிகளைக் கொண்டே எழுத வேண்டும். 8 கிகாபைட்டோ அதற்கு மேலோ கொள்ளும் பென் டிரைவ் ஏற்றது. அதில் இருப்பவை யாவும் அழிந்துவிடும் என்பதையும் மறவாதிருக்க வேண்டும்.

இணைப்பு விட்டுவிட்டு வரும் இடங்களில் இறக்கிய கோப்பு சிதைந்து வருவதுண்டு. இதனைக் கண்டறிய வழங்கலின் தளத்தில் 'ஷா 256' என்னும் சரிபார்ப்புத் தொடர் தரப்பட்டிருக்கும். அது 64 குறிகளைக் கொண்டது. நம் கோப்பிற்குக் கணக்கிட்ட தொடரும் அதுவும் ஒன்றாக இருந்தால் கோப்பு பழுதற்றது. ஒரு குறி மாறினும் மீண்டும் இறக்க வேண்டும். நிறுவல் பாதியில், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைச் செய்தியோடு நின்றால், இச்சோதனையையே முதலில் செய்தல் நலம்.

பென் டிரைவைச் செருகியும் கணினி அதனைப் பொருட்படுத்தாவிடில், இயக்கியவுடன் தொடக்கப் பட்டிக்குரிய விசையைத் தட்ட வேண்டும். தாய்ப்பலகைக்குத் தக்கவாறு அது 'எஃப்12', 'எஃப்11', 'எஃப்8' என மாறும். பட்டியில் பென் டிரைவின் பெயர் இருமுறை தோன்றினால், 'யூஈஎஃப்ஐ' என்னும் முன்னொட்டு உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் மற்றொரு முறையிலும் நிறுவப்பட்டால், பின்னர் இரண்டும் ஒரே பட்டியில் ஒன்றுகூடா.

'செக்யூர் பூட்' என்னும் காவல் அமைப்பு, கையொப்பமிடப்படாத மென்பொருளைத் தொடங்கவிடாது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்றவை உரிய கையொப்பத்துடன் வருவதால், இக்காவல் இருக்கும்போதே தொடங்கவல்லவை. சிறிய வழங்கல்கள் சிலவற்றிற்கு அதனை நிறுத்த வேண்டியிருக்கும். பிட்லாக்கர் குறியீட்டை எழுதி வைக்காமல் இதனைத் தொடலாகாது.

மூன்றாம் படி: திரை கருத்துப்போதல்

'க்ரப்' எனப்படும் தொடக்கப் பட்டி தெரிகிறது; லினக்ஸைத் தேர்ந்தெடுத்தவுடன் திரை இருண்டுவிடுகிறது. புதுக் கணினிகளில் இது பலருக்கும் நேரும் தடை. என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது குறிப்பாகக் காணப்படுவது. காரணம் முன்னர்க் கூறியதே: கிராஃபிக்ஸ் அட்டையைக் கருவகம் இன்னும் செவ்வனே அறியவில்லை.

இதற்குரிய தற்காலிக வழி எளியது. க்ரப் பட்டியில் லினக்ஸின் வரியைத் தேர்ந்து, 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தை அழுத்துக. தோன்றும் வரிகளுள் 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் இறுதிக்குச் சென்று, ஓர் இடைவெளி விட்டு, 'நோ', 'மோட்', 'செட்' என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றி ஒரே சொல்லாகத் தட்டுக. பின்னர் 'எஃப்10' விசையை அழுத்தினால், கருவகம் அட்டையின் சிறப்பு ஆற்றலை நாடாமல், எளிய முறையில் திரையைக் காட்டும். படம் சற்று மங்கலாகவும் பெரிதாகவும் இருக்கலாம். நிறுவுவதற்கு அது போதும். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்திற்கு மட்டுமே உரியதாதலால், நிறுவி முடித்தபின் முதன்முறை தொடங்கும்போதும் இவ்வாறே செய்ய நேரிடலாம். அதன்பின் முறையான இயக்கியை நிறுவிவிட்டால் இச்சொல் தேவைப்படாது.

என்விடியாவின் சொந்த இயக்கியை நிறுவும்போது மற்றொரு நுட்பம் உண்டு. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், நிறுவும் கருவி ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை ஒன்று தோன்றி, ஒரு விசையை அழுத்துமாறு கேட்கும். இதனைப் பிழையென்று அஞ்சுவோர் பலர். அது காத்திருப்பதோ சுமார் 10 நொடிகளே. உடனே விசையை அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து, முன்பு அமைத்த கடவுச்சொல்லைத் தர வேண்டும். தவறவிட்டால், இயக்கி நிறுவப்பட்டும் செயற்படாமல் கிடக்கும்.

நான்காம் படி: வட்டைக் காணாமையும் இடம் பிரித்தலும்

நிறுவத் தொடங்குமுன், 'ட்ரை' என்னும் சோதனை நிலையில் லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்ப்பது நற்பழக்கம். திரை, ஒலி, வலையிணைப்பு ஆகியவை இயங்குகின்றனவா என்பதை, வட்டில் ஓர் எழுத்தும் எழுதாமலே இங்கே அறிந்துகொள்ளலாம்.

தொடக்க அமைப்புத் திரையில் வட்டு தெரிகிறது. ஆனால் நிறுவும் கருவி அதனைக் காணவில்லை என்கிறது. இன்டெல் செயலி கொண்ட கணினிகளில், வட்டு 'விஎம்டி' அல்லது 'ஆர்எஸ்டி' என்னும் முறையின்கீழ் மறைந்திருப்பது இதற்குக் காரணமாகலாம். வட்டு வெறுமையாயின், தொடக்க அமைப்பில் அம்முறையை நிறுத்திவிட்டால் போதும். விண்டோஸ் இருக்குமாயின் உடனே நிறுத்தக்கூடாது; நிறுத்தினால் விண்டோஸ் தொடங்காமற்போகும். முதலில் விண்டோஸை 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு நிலையில் தொடங்குமாறு அமைத்து, பின்னர் அம்முறையை நிறுத்தி, ஒருமுறை விண்டோஸை அந்நிலையிலேயே தொடங்கிப் பார்த்து, அதன்பிறகே வழக்கமான நிலைக்குத் திரும்ப வேண்டும்.

நிறுவும் கருவி கேட்கும் கேள்விகளுள் மிக முக்கியமானது வட்டைப் பற்றியது. 'இரேஸ் டிஸ்க்' என்றால் வட்டு முழுவதையும் அழித்துவிடு என்று பொருள். விண்டோஸை வைத்துக்கொள்ள விரும்புவோர் அதனைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. முன்கூட்டியே விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டு இடத்தைச் சுருக்கி வெறுமையாக வைத்துவிட்டு, அவ்விடத்தில் லினக்ஸை நிறுவுவதே பாதுகாப்பானது. இரு வட்டுகள் உள்ள கணினியில், வட்டின் அளவை ஏட்டில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே 'இன்ஸ்டால்' பொத்தானை அழுத்துக.

ஐந்தாம் படி: நிறுவிய பின்னர்

நிறுவல் முடிந்தும் கணினி நேரே விண்டோஸிற்கே செல்கிறதா? லினக்ஸ் அழிந்துவிடவில்லை. தொடக்க அமைப்பில் வரிசையை மாற்றி, நிறுவிய வழங்கலின் பெயரை முதலிடத்திற்குக் கொணர்ந்தால் க்ரப் பட்டி தோன்றும்.

வைஃபை இயங்கவில்லையா? இயக்கியைப் பெற இணையம் வேண்டும். இணையம் பெற இயக்கி வேண்டும் என்னும் சிக்கல் இங்கே எழுகிறது. கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, தொலைபேசியில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால், அதன் இணையத்தைக் கணினி பயன்படுத்திக்கொள்ளும். உடனே எல்லா மேம்பாடுகளையும் இறக்கி நிறுவுக. புதிய கருவகம் வந்து சேர்ந்தவுடன் வைஃபை தானே இயங்கத் தொடங்கக்கூடும். புதிய கருவகத்தால் வேறு தொல்லை நேர்ந்தால், க்ரப் பட்டியின் மேல்நிலைத் தெரிவுகளில் பழைய கருவகத்தைத் தேர்ந்து தொடங்கலாம்.

இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில் கடிகாரம் 8 மணி நேரம் பிசகிக் காட்டுவதும் உண்டு. விண்டோஸ், கணினியின் உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸோ உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. மலேசியாவின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னதாகையால் இவ்வேறுபாடு தோன்றுகிறது. பேட்டரி பழுது என்று எண்ணி மாற்ற வேண்டியதில்லை. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்னும் கட்டளையைக் கொடுத்தால், அதுவும் உள்ளூர் நேரத்தையே கைக்கொள்ளும்.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தால், எழுத்துரு இல்லையென்பதே பொருள். 'நோட்டோ' அல்லது 'லோஹித்' தமிழ் எழுத்துருவை நிறுவினால் சரியாகும். தமிழில் தட்டச்சு செய்ய, 'ஐபஸ்' என்னும் உள்ளீட்டுக் கருவியில் தமிழ்99, ஒலியியல் முதலிய விசைப்பலகைகள் கிடைக்கின்றன.

உண்மைப் பழுதை அறிவது எங்ஙனம்?

இத்தனையும் செய்த பின்னரும் கணினி முறையின்றி, ஒருநாள் ஓரிடத்திலும் மறுநாள் வேறிடத்திலும் நின்றுபோகுமாயின், நினைவகத்தை ஐயுற வேண்டும். முதலில் தொடக்க அமைப்பில் 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' என்னும் வேகமூட்டும் அமைப்பு இயங்கினால் அதனை நிறுத்திப் பார்க்க வேண்டும். பின்னர் 'மெம்டெஸ்ட்86 பிளஸ்' என்னும் சோதனையை இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். வேகமூட்டல் இல்லாத நிலையிலும் ஒரு பிழையேனும் சிவப்பில் தோன்றுமாயின், அதனைப் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டுக. இச்சோதனை எந்த இயங்குதளத்தையும் சாராதது. ஆகையால் 'லினக்ஸ் போட்டதால் வந்த கோளாறு' என்று கூறி மறுப்பதற்கு அங்கே இடமில்லை. கணினி வாங்கிய முதல் வாரத்திலேயே இதனைச் செய்துவிடுவது அறிவுடைமை.

பிறருடைய உதவியை நாடும்போது, 'லினக்ஸ் வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ இயலாது. தாய்ப்பலகை, கிராஃபிக்ஸ் அட்டை ஆகியவற்றின் பெயர், வழங்கலின் பதிப்பு எண், கருவகத்தின் எண், எந்தப் படியில் நின்றது, திரையில் தோன்றிய செய்தியின் படம், இதுவரை செய்த மாற்றங்கள் ஆகியவற்றைத் தர வேண்டும். ஏட்டில் எழுதி வைத்தது இங்கே பயன்படும்.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. கோப்புகளைப் படியெடுத்துக் கழற்றி வைத்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

2. புதுக் கணினிக்குப் புது வழங்கலே ஏற்றது.

3. எந்தப் படியில் நின்றது என்பதை முதலில் அறிய வேண்டும்.

4. ஒரு வேளையில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, பயனைப் பார்த்து, எழுதி வைக்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், எது தீர்த்தது, எது கெடுத்தது என்று அறிய இயலாது.

5. லினக்ஸ் தொடங்குமுன்னரே தோன்றும் குறைகளைக் கடைக்காரரிடம் காலந்தாழ்த்தாது தெரிவிக்க வேண்டும்.

இம்முறை கணினிக்கு மட்டும் உரியதன்று. நீர் இறைக்கும் இயந்திரம் நின்றாலும், மோட்டார் சைக்கிள் கிளம்பாவிட்டாலும், கைதேர்ந்தவர் செய்வது இதுவே: மின்சாரம் வருகிறதா, எண்ணெய் இறங்குகிறதா என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்து, நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கிறார். பெற்றோர், நிறுவும் வேலையில் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு, அந்த ஏட்டை அவர்கள் கையாலேயே எழுதச் செய்வார்களாக. ஒரு பொருள் நின்றுவிட்டால் அஞ்சாமலும் அவசரப்படாமலும் காரணத்தைத் தேடும் பழக்கம், அக்கணினி பழையதாகிக் கழிந்த பின்னரும் அப்பிள்ளைகளுக்குத் துணைநிற்கும்.